திருவள்ளூரில் தேடாதீர்கள், வட ஆற்காட்டில் தேடுங்கள்

டர்பனிலும் ஃபிஜியிலும் பிறந்த பலருக்கு, பூர்வீகம் பற்றி வீட்டில் மிஞ்சியிருப்பது 'திருத்தணிப் பக்கம்' என்ற ஒரு பேச்சுதான். அதை நம்பி, இன்று திருத்தணி இருக்கும் திருவள்ளூர் மாவட்டம் என்று தேடினால் எதுவும் அகப்படாது. அந்த மாவட்டம் உருவானதே 1997-ல்.

கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிய காலத்தில் திருத்தணி, கார்வேட்டிநகரம் ஜமீனைச் சேர்ந்த பகுதி; மாவட்டம் வட ஆற்காடு. 1911 ஏப்ரலில் புதிதாக அமைந்த சித்தூர் மாவட்டத்துக்குப் போனது. ம.பொ.சி. முன்னின்ற எல்லைப் போராட்டமும், ஆந்திர எல்லை பற்றிய படாஸ்கர் தீர்ப்பும்தான் 1960-ல் திருத்தணியைத் தமிழ்நாட்டுப் பக்கம் கொண்டுவந்தன. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு (டர்பன் இருக்கும் பகுதி) ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவது நின்றதும் அதே 1911-ல்தான். ஆகவே நேட்டால் போனவரை வட ஆற்காட்டில் தேட வேண்டும். அதன்பின் 1916 வரை ஃபிஜிக்குக் கப்பலேறியவர் சித்தூர்க் கணக்கிலும் இருக்கலாம்.

1860 நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து டர்பன் சேர்ந்த 'ட்ரூரோ' கப்பல் முதல், சுமார் 1,52,000 பேர் நேட்டாலில் இறங்கினார்கள். ஆளுக்கு ஓர் எண், பதிவேட்டில் ஒரு வரி: பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு. பெயரைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்; முனுசாமி 'மூன்சாமி' ஆகியிருப்பார். பெயர் ஏமாற்றும், எண் ஏமாற்றாது. வீட்டுப் பெட்டியில் பழைய காகிதம் இருந்தால் முதலில் அந்த எண்ணைப் பாருங்கள். நேட்டால் பதிவேடுகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. மொரீஷியஸ் போனவர்களுக்கு மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம். அங்கே 1860-களிலிருந்து எடுத்த புகைப்படங்களும் உண்டு. தாத்தாவின் முகமே கிடைத்தவர்கள் இருக்கிறார்கள்.

இலங்கை, மலாயா போனவர்களின் வாரிசுகளுக்கு இந்த வாய்ப்பு குறைவு. ஆள் பிடிக்கும் கங்காணி ஊரிலேயே கடன் கொடுத்துக் கூட்டம் கூட்டமாக அழைத்துப் போனதால், ஆளுக்கொரு பதிவு பெரும்பாலும் இல்லை. எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கிடைப்பது அரசாங்கக் கடிதப் போக்குவரத்து. அதில் தாத்தாவின் பெயரை எதிர்பார்க்க வேண்டாம்.

கிராமத்தின் பெயர் தெரிந்தபின், அது நகரி, புத்தூர்ப் பக்கம் இருந்தாலும் திகைக்க வேண்டாம். கார்வேட்டிநகரமே இன்று ஆந்திராவில்தான். திருத்தணிப் பகுதிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பழைய பதிவேட்டு நகலோடு யாராவது ஊருக்குள் வந்து நின்றால், முருகனைக் கும்பிட்டுவிட்டுப் போங்கள் என்று அனுப்பிவிடாமல், பங்காளி வகையறா தெரிந்த ஒரு பெரியவரிடம் அழைத்துப் போங்கள்.