பாஸ்போர்ட்டில் ஸ்டாம்ப் இல்லை, இனி முகமும் கைரேகையும்தான்: ஐரோப்பாவின் புதிய எல்லைச் சோதனையில் உங்கள் தகவல் எங்கே போகிறது?

லண்டனில் வசிக்கும் ஓர் ஈழத்தமிழ்க் குடும்பம், பாரிஸில் இருக்கும் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். முன்பெல்லாம் பிரெஞ்சு அதிகாரி அதைப் புரட்டிப் பார்த்து, ஒரு ஸ்டாம்ப் அடித்துக் கொடுத்துவிடுவார். புதிய முறையில் அப்படி இல்லை. கேமரா முன் நிற்க வேண்டும். நான்கு விரல்களை ஸ்கேனரில் வைக்க வேண்டும். ரயிலில் ஏறுவதற்கு முன்பே, லண்டன் செயின்ட் பான்கிராஸ் நிலையத்திலேயே இது நடந்துவிடும்.

"நான் எந்தத் தப்பும் செய்யலையே, எதுக்கு என் கைரேகை?" என்று பலருக்கும் தோன்றும். நியாயமான கேள்விதான்.

இஇஎஸ் என்றால் என்ன?

ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்திருக்கும் 'என்ட்ரி எக்ஸிட் சிஸ்டம்' என்பதன் சுருக்கம்தான் இஇஎஸ். இதற்கான சட்டம் 2017-லேயே நிறைவேறியது. பலமுறை தள்ளிப்போய், 2025 அக்டோபர் 12 அன்று படிப்படியாக அமலுக்கு வரத் தொடங்கியது. முழு அமலுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாள் 2026 ஏப்ரல் 10.

பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, சுவிட்சர்லாந்து, நார்வே உள்ளிட்ட 29 நாடுகளின் வெளி எல்லைகளில் இது பொருந்தும். அயர்லாந்தும் சைப்ரஸும் இதில் இல்லை. இந்த நாடுகளின் குடியுரிமை இல்லாமல், குறுகிய காலத்துக்கு வருபவர்களில் பெரும்பாலானோர் இதில் பதிவாக வேண்டும்.

யாரிடம் என்ன எடுக்கிறார்கள்?

விசா தேவைப்படாத பயணிகளிடம் முகப் படமும் நான்கு விரல்களின் ரேகையும் எடுக்கப்படும். பிரிட்டிஷ், கனடா பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர்கள் இந்தப் பட்டியலில் வருவார்கள்.

இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா கட்டாயம். விசா விண்ணப்பிக்கும்போதே பத்து விரல் ரேகையும் எடுத்து, விஐஎஸ் என்ற தனித் தகவல் தளத்தில் சேர்த்துவிடுகிறார்கள். அதனால் இஇஎஸ்-ல் இவர்களின் முகப் படம் மட்டும் சேரும்; கைரேகை விஐஎஸ்-ல் இருப்பதோடு ஒப்பிடப்படும். 12 வயதுக்குக் குறைந்த குழந்தைகளிடம் இஇஎஸ்-க்காகக் கைரேகை எடுப்பதில்லை, படம் உண்டு.

கொடுக்க மாட்டேன் என்று சொல்லலாமா? சொல்லலாம். ஆனால் உள்ளே விட மாட்டார்கள். 'விருப்பம் இருந்தால் கொடுங்கள்' என்ற பேச்சே இங்கே இல்லை.

எதற்காக இதைக் கொண்டுவந்தார்கள்?

ஷெங்கன் பகுதியில் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும், அதற்குள் 90 நாள் வரைதான் தங்கலாம் என்பது விதி. ஸ்டாம்ப் முறையில் இதைக் கணக்கிடுவது பெரும்பாடு. ஸ்டாம்ப் மங்கிப்போகும், பக்கம் மாறி அடித்திருப்பார்கள், புது பாஸ்போர்ட் எடுத்தால் பழைய கணக்கே இருக்காது.

இப்போது அந்தக் கணக்கைக் கணினி போடுகிறது. யார் வந்தார், யார் போனார், யார் கூடுதலாகத் தங்கிவிட்டார் என்று உடனே தெரிந்துவிடும். அடுத்தவர் பாஸ்போர்ட்டில் வருபவர்களையும், பெயரை மாற்றி வருபவர்களையும் கைரேகை காட்டிக்கொடுத்துவிடும். பாதுகாப்புத் தரப்பு சொல்லும் இந்தக் காரணங்கள் வலுவானவை.

சரி, இதுல என்ன பிரச்னை?

முதல் பிரச்னை ரொம்ப எளிமையானது. பாஸ்வேர்டு திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம், ஏடிஎம் கார்டு தொலைந்தால் பிளாக் செய்யலாம். கைரேகை வெளியே போய்விட்டால் புது விரல் வாங்க முடியாது.

இது வெறும் கற்பனை பயம் இல்லை. 2019-ல் அமெரிக்க எல்லைப் பாதுகாப்பு அமைப்பு எடுத்திருந்த பயணிகளின் முகப் படங்கள், ஒரு துணை ஒப்பந்த நிறுவனத்தின் கணினியிலிருந்து ஹேக் செய்யப்பட்டன. அந்த நிறுவனம் அனுமதி இல்லாமலே படங்களைத் தன் கணினிக்கு நகல் எடுத்து வைத்திருந்தது. சுமார் 1,84,000 படங்கள் சிக்கியதாகவும், அவற்றில் சில 'டார்க் வெப்'பில் வெளியானதாகவும் அந்நாட்டு அரசின் தணிக்கை அறிக்கையே சொன்னது.

இரண்டாவது, ஒரு காரணத்துக்கு எடுத்த தகவல் வேறு காரணத்துக்குப் போவது. ஐரோப்பாவிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. அகதித் தஞ்சம் கேட்பவர்களின் கைரேகைக்காக 'யூரோடாக்' என்ற தளம் 2003-ல் தொடங்கியது. எந்த நாடு விண்ணப்பத்தை விசாரிக்க வேண்டும் என்று கண்டுபிடிப்பதுதான் அதன் வேலை. பிறகு 2013-ல் சட்டத்தைத் திருத்தி, கடும் குற்ற விசாரணைகளுக்காகப் போலீஸும் தேடலாம் என்றார்கள். 14 வயதிலிருந்து கைரேகை என்பதை, 2024 சட்டம் 6 வயதாகக் குறைத்தது.

இஇஎஸ்-ல் இந்தக் கதவு தொடக்கத்திலேயே திறந்திருக்கிறது. பயங்கரவாதம், கடும் குற்றம் தொடர்பான விசாரணை என்றால், சில நிபந்தனைகளுடன் போலீஸும் யூரோபோலும் இதில் தேடலாம். கல்யாணத்துக்கு வந்தவரின் கைரேகையும் அந்தத் தேடலுக்குள் வரும்.

மூன்றாவது, மெஷின் தப்பு செய்தால்? அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட், 2019-ல் 189 முக அடையாள மென்பொருள்களைச் சோதித்தது. ஒருவரை இன்னொருவர் என்று தவறாகப் பொருத்தும் விகிதம், வெள்ளையர்களைவிட ஆசிய, ஆப்பிரிக்க அமெரிக்க முகங்களுக்குப் பல மென்பொருள்களில் 10 முதல் 100 மடங்கு வரை அதிகமாக இருந்தது. மிகத் துல்லியமான சில மென்பொருள்களில் இந்த வித்தியாசம் குறைவு. ஆக, எல்லையில் எந்த மென்பொருள் ஓடுகிறது என்பதைப் பொறுத்து ஒருவரின் பயணம் மாறலாம்.

எத்தனை வருஷம் வைத்திருப்பார்கள்?

இஇஎஸ் விவரங்கள், கடைசியாக வெளியேறியதிலிருந்து 3 ஆண்டுகள் இருக்கும். அதற்குள் மறுபடி போனால் கணக்கு புதிதாகத் தொடங்கும். நீங்கள் வெளியேறியது பதிவாகவே இல்லை என்றால் 5 ஆண்டுகள்.

அமெரிக்காவுடன் ஒப்பிட்டால் இது குறைவு. அங்கே வெளிநாட்டவரின் பயோமெட்ரிக் விவரங்கள் 75 ஆண்டுகள் வரை வைக்கப்படலாம்.

நீதிமன்றங்கள் என்ன சொல்லியிருக்கின்றன?

2008-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பிரிட்டனுக்கு எதிராக ஒரு முக்கியத் தீர்ப்பு வழங்கியது. குற்றம் நிரூபிக்கப்படாதவர்களின் கைரேகையையும் டிஎன்ஏவையும் காலவரையின்றி வைத்திருப்பது தனிவாழ்வு உரிமையை மீறும் செயல் என்று 17 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். அந்த நீதிமன்றம் இருப்பது பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில். இஇஎஸ்-ஐ இயக்கும் யூ-லிசா அமைப்பின் தகவல் மையம் இருப்பதும் அதே நகரில்தான்.

மறுபக்கம், பாஸ்போர்ட்டுக்காகக் கைரேகை எடுப்பது தனியுரிமையில் தலையிடுவதுதான், ஆனாலும் மோசடியைத் தடுக்க அது தேவை என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2013-ல் ஏற்றுக்கொண்டது. எடுப்பது சரி, எவ்வளவு நாள், யார் கையில், எதற்காக என்பதற்கு எல்லை வேண்டும் என்பதே இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் பதில்.

பயணிகள் என்ன செய்யலாம்?

* உங்களைப் பற்றி இஇஎஸ்-ல் என்ன இருக்கிறது என்று கேட்கவும், தவறு இருந்தால் திருத்தச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.
* வெளியேறியது பதிவாகாமல் போனால், 'கூடுதலாகத் தங்கிவிட்டார்' என்று கணினி முடிவுகட்டிவிடும். அதை மறுக்க ஆதாரம் காட்டலாம். அதனால் போர்டிங் பாஸ், டிக்கெட், ஹோட்டல் பில்லை ஊர் வந்ததும் தூக்கிப் போட வேண்டாம்.
* 90 நாள் கணக்கை நீங்களும் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் நிலைமை என்ன?

இங்கேயும் இது வந்துவிட்டது. முன்கூட்டியே பயோமெட்ரிக் பதிவு செய்தவர்கள், இ-கேட் வழியாக இமிகிரேஷனை வேகமாகக் கடக்கும் திட்டம் 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கியது. 2025 ஜனவரியில் சென்னைக்கும், செப்டம்பரில் திருச்சிக்கும் வந்தது. ஐரோப்பா போல இது கட்டாயம் அல்ல. இந்தியர்களும் ஓசிஐ அட்டைதாரர்களும் விரும்பினால் சேரலாம்.

தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017-ல் தீர்ப்பளித்தது. அதன் பிறகு, டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. ஆனால் நாட்டின் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காக, மத்திய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு அளிக்க அதில் இடம் இருக்கிறது. எல்லைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றுக்கு அப்படி விலக்கு கிடைத்தால், "என் விவரத்தைக் காட்டு, தவறைத் திருத்து" என்று இந்தச் சட்டத்தை வைத்து அதனிடம் கேட்க முடியாது. இ-கேட் வரிசையில் மிச்சமாகும் நேரத்தோடு சேர்த்து, இதையும் யோசித்துவிட்டு விரலை வைக்கலாம்.