செவிசாய்த்த குதிரை

பேசுவதற்கே அஞ்சும் ஒரு குழந்தையின் நாவைக் கட்டவிழ்க்க ஒரு குதிரையால் இயலுமா, நேயர்களே?

இங்கிலாந்தின் டெவன் பிரதேசத்தில், எழுத்தாளர் மைக்கேல் மார்பர்கோவும் அவருடைய மனைவி கிளேரும், நகரத்து நெரிசலிலே வளரும் பிள்ளைகள் ஒரு வார காலமாவது மண்ணோடும் மிருகங்களோடும் கூடி வாழவேண்டும் என்ற உயர்ந்த நோக்கத்துடன், 1976-ஆம் ஆண்டில் ஒரு பண்ணையைத் தொடங்கினார்கள். பாலையும் முட்டையையும் கடையிலே மட்டும் கண்டிருந்த பிள்ளைகள், அங்கே கோழிகளுக்குத் தீனி போட்டும், பசுக்களைத் தொழுவத்துக்கு ஓட்டிவந்தும், உழைப்பின் ஆனந்தத்தை அநுபவத்திலேயே அறிந்துகொண்டார்கள்.

அவ்வாறு வந்தவர்களுள், திக்குவாயின் காரணமாக எவரோடும் பேசாதிருந்த சிறுவன் ஒருவன், ஓரிரவு லாயத்தின் அருகே நின்று, தான் பண்ணையிலே செய்த வேலைகளையெல்லாம் ஒரு குதிரையிடம் தங்குதடையின்றிச் சொல்லிக்கொண்டிருந்ததையும், அந்தக் குதிரை அசையாமல் நின்று செவிசாய்த்ததையும் மார்பர்கோ கண்டார். குதிரையே தன் கதையைச் சொல்வதாக ஒரு நாவல் எழுதலாம் என்ற தைரியத்தை அக்காட்சி தமக்கு அளித்ததாக அவரே கூறியிருக்கிறார். பிற்காலத்தில் நாடகமாகவும் திரைப்படமாகவும் உலகப் பிரசித்தி பெற்ற ‘வார் ஹார்ஸ்’ என்ற நூல் அதுதான்.

பரிகசிக்காமலும் அவசரப்படுத்தாமலும் கேட்கும் ஒரு ஜீவன் அருகில் இருந்துவிட்டால், குழந்தையின் தயக்கம் தானே விலகிவிடுகிறது. ஆகையால், நேயர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் மிருகங்களோடு பழகும் பாக்கியத்தை அவசியம் அளியுங்கள்.