பழைய கணினிக்குப் புதுச் செயலி வாங்கலாமா?

நாமறிந்த சங்கமொன்றின் அலுவலகத்தில் நிகழ்ந்ததை முதற்கண் கூறிவிடுவது நலம். 2016-ஆம் ஆண்டில் வாங்கிய மேஜைக் கணினி ஒன்று அங்குக் கணக்கு வேலைக்கு உதவி வந்தது. நூல் இருப்புக் கணக்கைத் திறப்பதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது என்று எழுத்தர் குறைப்பட்டதன் பேரில், நிர்வாக சபையார் அதன் செயலியை, அதாவது பிராசஸரை, மாற்ற இசைந்தனர். கடைக்காரர் இன்டெல் நிறுவனத்தின் எட்டாம் தலைமுறைச் செயலி ஒன்றைக் கொடுத்தார். அது தனக்குரிய குழியில் ஒழுங்காகவே அமர்ந்தது. ஆயின் கணினி உயிர் பெறவில்லை. உறை பிரித்த சரக்கைத் திரும்பப் பெற இயலாதென்று கடைக்காரர் மறுத்துவிட்டார். இதைவிட வருந்தத்தக்கது, அந்தக் கணினிக்கு முதலில் வேண்டியிருந்தது செயலியே அன்று என்பது.

செயலியைக் கணினியின் நெசவாளி எனலாம். அவருக்கு ஊடை நூல் தருவது ஹார்டு டிஸ்க். தார் சுற்றுபவர் பிந்தினால், எத்துணைக் கைதேர்ந்த நெசவாளியும் நாடாவைக் கையில் பிடித்தபடி காத்திருக்க வேண்டியதே. சுழலும் தட்டுகளையுடைய பழைய ஹார்டு டிஸ்க், ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் சிறு விவரங்களை விநாடிக்கு ஏறத்தாழ 100 தடவைதான் எடுத்துத் தரவல்லது. சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. அதே விநாடியில் பல்லாயிரம் தடவை எடுத்துத் தரும். பழைய கணினிகளின் மந்தம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

இதை ஊகித்துக் கொண்டிருக்க வேண்டியதில்லை. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால், விண்டோஸில் டாஸ்க் மேனேஜர் என்னும் பலகணி திறக்கும். மந்தமாக இருக்கும் வேளையிலேயே அதைப் பார்க்க வேண்டும். டிஸ்க் 100 விழுக்காட்டிலும் செயலி 20, 30 விழுக்காட்டிலும் நின்றால், செயலியின் மீது குற்றமில்லை. ராம் என்னும் நினைவகம் நிரம்பி வழிந்தாலும் அவ்வாறே. 4 ஜி.பி. நினைவகத்தை வைத்துக்கொண்டு இன்றைய இணையப் பக்கங்களைத் திறப்பது கடினம், 8 ஜி.பி. வேண்டும். செயலி ஓயாமல் 100-ஐத் தொட்டு நின்றால் மட்டுமே அதை மாற்றும் பேச்சை எடுக்கலாம்.

அப்பொழுதும் கடைக்குப் போகுமுன் பெட்டியைத் திறந்து பாருங்கள். நெசவாளர் சங்கத்துக் கணினிகளுக்கு உரிய நோய் ஒன்றுண்டு: பஞ்சுத் தூசி. செயலியின் மேலுள்ள விசிறியிலும் அலுமினியத் தகடுகளின் இடுக்கிலும் அது மெத்தை போலப் படிந்துவிடும். சூடு 100 டிகிரியை நெருங்கினால், செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தூசியைத் தட்டி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாய்த் தடவினால் இழந்த வேகம் மீளக்கூடும். அதற்காகும் செலவு மிகச் சொற்பம்.

இனி, மேற்கண்ட சங்கத்தின் கணினி ஏன் இயங்கவில்லை என்பதைப் பார்ப்போம். அதன் மதர்போர்டு எச்110 என்னும் வகையைச் சேர்ந்தது. அதில் இருந்தது பென்டியம் ஜி4400. இவ்வகைப் பலகையின் குழியில் 1151 தொடு முனைகள் உள்ளன. 2015-இல் வந்த ஆறாம் தலைமுறையும், 2017 ஜனவரியில் வந்த ஏழாம் தலைமுறையும் அதில் இயங்கும். 2017 அக்டோபரில் வந்த எட்டாம் தலைமுறைக்கும் முனைகள் 1151 தாம். ஆனால் மின்சாரம் பாயும் முனைகளின் ஒழுங்கு வேறு. அதற்கென வந்த 300 வரிசைப் பலகைகளே அதற்குப் பொருந்தும். முனைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்கியதால் வந்த நஷ்டம் இது. சிபியு-இசட் என்னும் இலவச மென்பொருள் பலகையின் பெயரைக் காட்டும். அப்பெயரைக் கொண்டு, அதைச் செய்த நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள செயலிப் பட்டியலைப் பார்க்க வேண்டும். அப்பட்டியலில் இல்லாததை, கடைக்காரர் எவ்வளவு உறுதி கூறினும் வாங்கற்க.

அந்தப் பலகைக்கு ஏற்றது எது? ஜி4400-இல் இரண்டு உட்கருக்கள், வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ். ஐ5-6500-இல் நான்கு, வேகம் 3.2 முதல் 3.6 வரை. ஒரு புடவையை நான்கு பேர் சேர்ந்து விரைவாக நெய்துவிட முடியாது; நான்கு தறிகளில் நான்கு புடவைகளை ஒரே காலத்தில் நெய்யலாம். ஆகவே கணக்கு மென்பொருள் ஒன்றை மட்டுமே நடத்தும் அலுவலகத்திற்கு நான்கு உட்கருக்களால் பெரிய லாபமில்லை. அதோடு இணையம், அச்சு, வைரஸ் சோதனை எல்லாம் ஒருங்கே நடக்குமிடத்தில்தான் வேறுபாடு தெரியும். எட்டு வேலைகளை ஒருங்கே ஏற்கும் ஐ7-6700-க்கு அதிக விலை கொடுப்பது, என் கருத்தில், அலுவலகத்திற்கு வேண்டாத ஆடம்பரம். ஐ5-7500 கிடைத்தால் நன்றே. ஆனால் அதற்குப் பல எச்110 பலகைகளில் பயாஸ் என்னும் உள் நிரலை முன்கூட்டியே புதுப்பிக்க வேண்டும். அதுவும் பழைய செயலி இருக்கும்போதே. நடுவில் மின்சாரம் நின்றால் பலகையே பாழாகலாம். யூ.பி.எஸ். இன்றி இதைத் தொடக் கூடாது.

இவற்றைப் பழைய சரக்காக வாங்குவதில் பயமில்லை. செயலியில் தேயும் பாகம் கிடையாது. இன்டெல்லின் இவ்வகையில் வளையும் முள்கள் பலகையின் குழியில்தான் உள்ளன. கை படாமல் பார்த்துக்கொண்டால் போதும். மேல் தகட்டில் எண்ணுக்குப் பதிலாக 'இன்டெல் கான்பிடென்ஷியல்' என்று பொறித்திருந்தால் அது சோதனைச் சரக்கு, வேண்டாம். ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துத் திருப்பித் தரும் உரிமையை ரசீதிலேயே எழுதி வாங்குக.

ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏஎம்4 பலகை வைத்திருப்போர் பாக்கியசாலிகள். 2017-ஆம் ஆண்டுப் பலகைகள் பலவற்றில், பயாஸைப் புதுப்பித்தபின், 2022-இல் வந்த ஆறு உட்கரு ரைசன் 5 5600 இயங்கும். அதில் திரைக்குப் படம் அனுப்பும் பாகம் இல்லை என்பதை மட்டும் மறக்கலாகாது. தனியே கிராபிக்ஸ் கார்டு இல்லாதவர்கள் 5600ஜி வாங்க வேண்டும்.

இன்டெல் பழம் பலகைகளுக்கு இன்னொரு தடையும் உண்டு. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றன. விண்டோஸ் 11, இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதலே ஏற்கப்படுகிறது. எச்110 பலகையில் எந்தச் செயலியைப் பொருத்தினும் இத்தகுதி கிட்டாது. லினக்ஸ் ஏற்றி ஓட்டலாம். கணக்கு மென்பொருள் அதில் ஓடுமா என்பதை முன்னரே விசாரித்துக்கொள்ள வேண்டும். அங்கத்தினர்களின் வங்கி விவரங்கள் கணினியில் இருப்பதால், நிர்வாக சபையார் இதைச் சிறு காரியமாகக் கருதக் கூடாது.

விலைகள் ஊருக்கு ஊர் மாறுவதால் இங்குத் தரவில்லை. எட்டாம் தலைமுறையின் செப்பனிட்ட முழுக் கணினி என்ன விலை என்று முதலில் விசாரியுங்கள். பழைய பெட்டிக்கு ஆகும் மொத்தச் செலவு அதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுமாயின், நான் செயலி வாங்கச் சொல்ல மாட்டேன். அந்த எஸ்.எஸ்.டி.யை மட்டும் வாங்குங்கள். நாளை வேறு கணினி வந்தால் அதில் பொருத்திக்கொள்ளலாம். மேற்கண்ட சங்கத்திலும் முடிவில் அதையே செய்தார்கள். பென்டியம் இன்றும் அங்கே வேலை செய்கிறது; எட்டாம் தலைமுறைச் செயலி எழுத்தரின் மேஜை அறையில் கிடக்கிறது.