ஒரே ஒரு 'சேவ்'. காணாமல் போனது அப்பாவின் முகம்!

வெள்ளத்தில் தப்பிய ஆல்பத்துக்கு வீட்டுக்குள்ளேயே வந்த ஆபத்து

சென்னை ஜாபர்கான்பேட்டையில் ஒரு வீடு. இரவு மணி 11. பிரிண்டரில் இருந்து வந்த தாளைப் பார்த்ததும், "ஐயோ, அப்பா முகம் எங்கேடா?" என்று அலறினார் அந்த வீட்டு அம்மாள்.

மாலையும் கழுத்துமாக நின்ற மாப்பிள்ளைக்குக் கண்ணும் மூக்கும் ஒன்றாகக் கலங்கிப் போயிருந்தன. பக்கத்தில் இருந்த மணப்பெண்ணுக்கும் அதே கதி!

திருடன் வரவில்லை. வைரசும் வரவில்லை. காரியத்தைச் செய்தது கல்லூரியில் படிக்கும் மகன்தான். அதுவும் நல்ல எண்ணத்தோடு!

தண்ணீரில் ஊறிய ஆல்பம்

2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோது அந்த வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். பீரோவின் அடித்தட்டில் இருந்த அப்பா-அம்மா கல்யாண ஆல்பம் ஊறிப்போனது. ஒட்டிக்கொண்ட படங்களை உரித்து, காயவைத்து, தேறியதை எல்லாம் ஸ்கேன் செய்தார் அந்த அம்மாள்.

மறு வருடம் கம்ப்யூட்டரிலேயே 24 பக்க ஸ்கிராப்புக் தயாரானது. படம், பூ, பார்டர், ஓரத்தில் நாலு வரி விவரம். அப்பா அதைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். ஸ்கேன் படங்கள் இருந்த ஹார்டு டிஸ்க் பிறகு பழுதாகிவிட்டது. மிஞ்சியது இந்த 24 பக்கம் மட்டும்தான்.

பாட்டிக்கு 80-வது பிறந்த நாள். ஆல்பத்தை வீட்டிலேயே பிரிண்ட் போட்டுக் கொடுக்க ஆசைப்பட்டான் பேரன். அங்கேதான் வம்பு ஆரம்பம்.

தாளுக்குள் அடங்காத பக்கம்

அமெரிக்காவில் ஸ்கிராப்புக் ஒட்டுகிறவர்கள் பயன்படுத்தும் தாள் பெரும்பாலும் 12 அங்குல சதுரம். கம்ப்யூட்டரில் செய்கிறவர்களும் அதே அளவைப் பிடித்துக்கொண்டார்கள். நம் வீட்டு ஏ4 தாளின் அகலமோ 8.27 அங்குலம்தான். ஏ3 தாள்கூட 11.69 அங்குலம். அதிலும் அடங்காது!

அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் 12 அங்குலப் பக்கத்தில் 3,600-க்கு 3,600. மொத்தம் 1 கோடியே 29 லட்சத்து 60 ஆயிரம் புள்ளி. பக்கம் முழுவதையும் மூடும் ஒரு லேயருக்கே சுமார் 39 மெகாபைட் நினைவகம் வேண்டும். பத்து, பதினைந்து லேயர் என்றால் பழைய கம்ப்யூட்டர் மூச்சு முட்டி நின்றுவிடும். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் ராம் வாங்கிப் போட எல்லாராலும் முடியுமா?

பையன் என்ன செய்தான்? 24 பக்கத்தையும் 600-க்கு 600 என்று சுருக்கி, அதே பெயரில் 'சேவ்' கொடுத்து மூடிவிட்டான். கம்ப்யூட்டர் பறந்தது. படம் போனது!

"36 புள்ளிக் கோலத்துல 35 புள்ளியை அழிச்சுட்டீங்க அக்கா. திரும்பப் பெருசாக்கினாலும் போன புள்ளி வராது" என்று கையை விரித்தார், வடபழனியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் இளைஞர்.

சரியான வழி எது?

"சுருக்கினது தப்பில்லை தம்பி. சுருக்கின அளவும், சேவ் பண்ணின விதமும்தான் தப்பு" என்று பையனுக்கு அவர் சொன்ன யோசனைகள் இவை:

முதல் வேலை, பக்கத்தைக் காப்பி எடுத்து வேறு பெயர் வைப்பது. உதாரணமாக 'கல்யாணம்-8'. அசலைத் தொடவே கூடாது.

காப்பியை 8 அங்குலம், அதாவது 2,400-க்கு 2,400 பிக்சலாகச் சுருக்கினால் போதும். அங்குலத்துக்கு 300 புள்ளி அப்படியே இருக்கும். லேயரின் பாரமோ 39 மெகாபைட்டில் இருந்து சுமார் 17-ஆகக் குறையும். கம்ப்யூட்டரும் திணறாது.

அகலமும் உயரமும் சேர்ந்தே குறையும்படி பூட்டிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஒல்லி மாப்பிள்ளை குண்டாகிவிடுவார்! போட்டோஷாப்பில் நிழல், பார்டர் போன்றவற்றையும் சேர்த்துச் சுருக்கும் வசதியை 'டிக்' செய்ய வேண்டும். மறந்தால் பூவை விட நிழல் பெரிதாக விழும்.

12 பாயின்ட் எழுத்து 8 பாயின்ட் ஆகிவிடும். வயதானவர்கள் படிக்க வேண்டும் என்றால் எழுத்தை மட்டும் தனியாகப் பெரிதாக்க வேண்டும்.

பிரிண்ட் கொடுக்கும்போது '100 சதவீதம்' என்று வைக்க வேண்டும். ஓரம் வெட்டுப்பட்டால் 7.5 அங்குலமாக, அதாவது 2,250 பிக்சலாகச் சுருக்கலாம். 24 பக்கத்தையும் ஒரேயடியாக அடிக்காமல், முதலில் ஒரு பக்கம் போட்டுப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

திருவொற்றியூர் டிவிடி

எல்லாம் சரி, போன முகம்?

2016-ல் திருவொற்றியூரில் உள்ள அக்காவுக்கு அந்த அம்மாள் ஒரு டிவிடி கொடுத்திருந்தார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஓடினார்கள். ஷோகேஸ் பொம்மைக்குப் பின்னால் தூசி படிந்து கிடந்தது அது. உள்ளே 24 பக்கமும் முழு அளவில் ஜேபெக்காக இருந்தன! லேயர் இல்லை. எழுத்தைத் திருத்த வழியில்லை. ஆனால் அப்பாவின் முகம் இருந்தது.

இந்த முறை பையன் முதலில் காப்பி எடுத்தான். பென் டிரைவில் ஒன்று, பெரியம்மா வீட்டில் ஒன்று. பிறகுதான் சுருக்கினான்.

பிறந்த நாளன்று பாட்டி அந்த 8 அங்குலப் பக்கத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "அன்னிக்கு இவருக்கு மாலை குத்துதுன்னு முகத்தைச் சுளிச்சுக்கிட்டே நின்னாரு. அதுகூடத் தெரியுதே!" என்றார்.