நிமிஷத்தை எண்ணிய பாதிரியார்

புத்தாண்டு பிறக்கும் நள்ளிரவு. தேவாலயங்களில் ஆராதனை நடக்கிறது. மணி அடிக்கிறது. வந்திருப்பவர்கள் மனத்துக்குள் தீர்மானம் செய்துகொள்கிறார்கள்.

இந்த வருஷம் வேதாகமத்தை முழுவதும் வாசித்து முடிப்பேன் என்கிறார் ஒருவர். தினமும் விடியற்காலையில் ஜெபம் செய்வேன் என்கிறார் இன்னொருவர். கோபத்தை அடியோடு விட்டுவிடுவேன் என்கிறார் மற்றொருவர்.

பொங்கல் வருவதற்குள் பாதித் தீர்மானங்கள் பறந்துவிடுகின்றன. ஏன்?

மாடி உயரமாக இருக்கிறது. ஏறுவதற்குப் படி இல்லை. அதுதான் காரணம்.

தமக்குத் தாமே படி கட்டிக்கொண்ட ஒருவரின் கதை இது. அவர் பெயர் பிராங்க் லாபாக்.

ஏரிக்கரையில் தனிமை

லாபாக் 1884-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்தவர். பெரிய படிப்பெல்லாம் படித்தவர். 1915-இல் மத ஊழியம் செய்யப் பிலிப்பைன்ஸ் நாட்டுக்குப் போனார்.

1929-ஆம் ஆண்டின் கடைசியில் மிண்டனாவோ தீவிலுள்ள லனாவோ ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தார். ஊரின் பெயர் டன்சலான். இன்று அதற்கு மராவி என்று பெயர். அங்கே வாழ்ந்தவர்கள் மரனாவோ மக்கள், முஸ்லிம்கள். வெள்ளைக்காரப் பாதிரியை அவர்கள் நம்பவில்லை. மனைவியும் மகனும் தொலைவில் பாகியோ நகரில் இருந்தார்கள். அவருக்குத் துணை ஒரு நாய்தான்.

வயது நாற்பத்தைந்து. இத்தனை வருஷம் ஊழியம் செய்தும் ஆண்டவரோடு நெருங்கி வாழவில்லையே என்ற ஏக்கம் அவரை வாட்டியது.

நிமிஷக் கணக்கு

1930 ஜனவரியில் ஓர் இலக்கு வைத்தார். விழித்திருக்கும் ஒவ்வொரு நிமிஷத்திலும் ஒரு கணமாவது ஆண்டவரை நினைக்க வேண்டும். ஓயாமல் ஜெபிப்பது பற்றிப் பவுல் அப்போஸ்தலர் சொன்னாரே, அதை நடத்திப் பார்த்துவிடுவது என்று துணிந்தார்.

வேலையை விட்டுவிட்டு மூலையில் உட்காரவில்லை. எழுதும்போதும் நடக்கும்போதும் பேசும்போதுமே முயன்றார். சில நாள் வெற்றி. சில நாள் தோல்வி. இரண்டையும் ஒளிக்காமல் தம் தகப்பனாருக்குக் கடிதம் எழுதினார்.

பிற்காலத்தில் இதை ஒரு விளையாட்டாகவே மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். ஏதாவது ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் அறுபது நிமிஷங்களில் எத்தனை நிமிஷம் நினைவு வந்தது என்று எண்ண வேண்டும். அவ்வளவுதான். தவறிப்போன நிமிஷத்துக்காக அழ வேண்டாம். அடுத்த நிமிஷம் காத்திருக்கிறது.

குன்றின் மேல்

மாலைதோறும் நாயை அழைத்துக்கொண்டு ஊருக்குப் பின்னாலிருந்த குன்றில் ஏறி ஜெபம் செய்வார். அங்கேதான் அவருக்கு ஓர் உண்மை உறைத்தது. இந்த மக்களை நான் உள்ளபடி நேசிக்கவில்லை. வெள்ளைக்காரன் என்பதால் இவர்களைவிட உயர்ந்தவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்!

இறங்கி வந்தார். இஸ்லாமியப் பெரியவர்களிடம் போய், உங்கள் குர்ஆனை எனக்குச் சொல்லித்தாருங்கள் என்று கேட்டார். மூடியிருந்த கதவுகள் திறந்தன.

ஆண்டவரை எண்ணத் தொடங்கியவர், அடுத்த வீட்டுக்காரனைக் கண்டுகொண்டார்.

மூன்று சொற்கள்

அந்த மக்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. லாபாக் அவர்களுடைய மொழியைக் கற்றார். அதன் மெய்யெழுத்துகள் அனைத்தும் அடங்கும்படி மூன்றே சொற்களைத் தேர்ந்தெடுத்துப் பாட அட்டை தயாரித்தார். மக்கள் மளமளவென்று படித்தார்கள்.

அப்போது உலகப் பொருளாதார மந்தம் வந்தது. ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை. மரனாவோ தலைவர் ஒருவர் வழி சொன்னார்: படித்தவன் ஒவ்வொருவனும் இன்னொருவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்!

ஒருவர் ஒருவருக்குக் கற்பிக்கும் அந்த முறை உலகெங்கும் பரவியது. லாபாக் இந்தியாவுக்கும் வந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் எழுத்தறிவுப் பணி செய்தார். 1970-இல் காலமானார்.

வீட்டில் செய்யலாம்

ஆவிக்குரிய வாழ்வில் வளர விரும்புகிறவர்கள் இவரிடம் மூன்று பாடம் கற்கலாம்.

ஒன்று: இலக்கு எண்ணக்கூடியதாக இருக்கட்டும். “நல்லவனாவேன்” என்பதை எண்ண முடியாது. “இன்று சமைக்கிற நேரத்தில் ஆண்டவரை நினைப்பேன்” என்பதை எண்ணலாம். வேதத்தில் இரவு ஓர் அதிகாரம் வாசிப்பதை எண்ணலாம்.

இரண்டு: தவறினால் மறுபடி தொடங்குங்கள். அடுத்த புத்தாண்டு வரை காத்திருக்க வேண்டாம்.

மூன்று: வளர்ந்திருக்கிறோமா என்று பார்க்க ஜெபித்த நேரத்தை மட்டும் எண்ணினால் போதாது. மருமகளிடம் பேசும் குரல் தணிந்திருக்கிறதா? வேலைக்காரப் பெண்ணுக்குச் சாப்பாடு சூடாகப் போடுகிறோமா? பேசாமலிருந்த தம்பி வீட்டுக்குப் போனோமா?

அங்கே மாற்றம் தெரிந்தால், செடி வேர் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.