சிம் அம்மா பேரில், போன் பிள்ளை கையில்



சில மாதங்களுக்கு முன் கிள்ளை பக்கம் ஒரு குழுக் கூட்டம். சந்தா வசூல் முடிந்து உள்கடன் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஒரு அக்கா மட்டும் வாயே திறக்கவில்லை. கூட்டம் முடிந்து நாங்கள் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது கூடவே நடந்து வந்து சொன்னார். அவருடைய மகள் ஒன்பதாவது படிக்கிறாள். போனில் விளையாடும்போது யாரோ ஒருவன் பழக்கமாகியிருக்கிறான். தானும் பள்ளிக்கூடப் பையன்தான் என்றானாம். முதலில் பரீட்சைக் கதை, பிறகு வாட்ஸ்அப், பிறகு போட்டோ. ஒரு போட்டோ கைக்குப் போனதும், "இன்னொண்ணு அனுப்பு, இல்லேன்னா உங்க ஊர் குரூப்ல போட்டுடுவேன்" என்று மிரட்டல். விஷயம் தெரிந்ததும் அக்கா எல்லாவற்றையும் அழித்தார். சிம்மை உடைத்து வாய்க்காலில் போட்டார். மகளைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"சிம் என் பேர்லதாங்க இருக்கு. போலீசுக்குப் போனா என்னைத்தானே கேப்பாங்க?" என்றார்.

இந்தக் கேள்விக்குள் நிறைய விஷயம் இருக்கிறது. 2020 ஊரடங்கில் பள்ளிக்கூடம் மூடியபோது, வகுப்பு போனில் நடக்குது என்று சொல்லி எத்தனை குழுக்களில் உள்கடன் எடுத்து போன் வாங்கினோம்! அந்தத் தீர்மானங்கள் எழுதும்போது நாங்களும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தோம். அதனால் பிள்ளைக்கு போனே கொடுக்காதீர்கள் என்று இப்போது சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

18 வயது ஆகாதவருக்கு சிம் கார்டு தரக்கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை 2021-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே பிள்ளை வைத்திருக்கும் சிம் எல்லாம் அம்மா பேரிலோ அப்பா பேரிலோதான். நம் ஆதார், நம் கைரேகை. செல்போன் கம்பெனியின் கணக்கில் அந்த நம்பர் 38 வயதுப் பெண்மணியுடையது. நடுராத்திரி விளையாடுவது, படம் பார்ப்பது எல்லாமே அந்தப் பெண்மணிதான்! கம்பெனியின் புத்தகத்தைப் புரட்டினால் ஒரு குழந்தைகூட இருக்காது. யாரும் இல்லாத இடத்தில் யாருக்குப் பாதுகாப்பு கொடுப்பது?

இங்கிலாந்தில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அங்கே செல்போன் கம்பெனிகள் 2004-ல் தங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் போட்டன. பெரியவர்களுக்கான ஆபாசப் பக்கங்கள் போனில் முதலிலேயே பூட்டியிருக்கும். எனக்கு 18 வயது முடிந்துவிட்டது என்று சான்று காட்டினால்தான் திறப்பார்கள். நம் ஊரில் தலைகீழ். எல்லாம் திறந்தே வருகிறது, பூட்டுவது நம் பொறுப்பு. பூட்டு எங்கே இருக்கிறது என்பதையும் நாமேதான் தேட வேண்டும்.

நம் நாட்டில் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. குழந்தைகளைக் கெடுத்து எடுத்த படங்கள் உள்ள பக்கங்களின் பட்டியலை இங்கிலாந்தின் 'இன்டர்நெட் வாட்ச் பவுண்டேஷன்' என்ற அமைப்பு தயார் செய்கிறது. அதை வைத்து அந்தப் பக்கங்களைத் தடுக்க வேண்டும் என்று இணையச் சேவை தரும் கம்பெனிகளுக்கு மத்திய அரசு 2017-ல் உத்தரவு போட்டது. 2018-ல் உத்தரகண்ட் உயர் நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டி 827 ஆபாசத் தளங்களை மூடச் சொன்னது. ஆனால் ஒன்றை மூடினால் வேறு பெயரில் இன்னொன்று முளைக்கிறது. அதோடு, கண்ணை மூடிக்கொண்டு பூட்டினால் மாதவிடாய் பற்றி ஒரு பெண் பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டிய பக்கமும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். அதையும் யோசிக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். செல்போன் கம்பெனி தபால்காரர் மாதிரி. வாட்ஸ்அப்பில் போகும் பேச்சும் படமும் ஒட்டிய கவர். உள்ளே என்ன இருக்கிறது என்று கம்பெனிக்குத் தெரியாது. அந்த அக்கா மகளுக்கு வந்த மிரட்டலை எந்தக் கம்பெனியும் நடுவழியில் பார்த்து நிறுத்தியிருக்க முடியாது.

ஆனால் எந்த நம்பர், எந்த நேரத்தில், எந்த இணைய முகவரி வழியாக நெட்டுக்குள் வந்தது என்ற பதிவு கம்பெனியிடம் இருக்கும். இதை இரண்டு வருஷமாவது வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் விதி வந்தது. போலீஸ் முறைப்படி கேட்டால் கொடுத்தாக வேண்டும். திருச்சியில் 2019 டிசம்பரில், குழந்தைகள் ஆபாசப் படங்களை முகநூலில் பரப்பியதாக ஒருவர் கைது செய்யப்பட்டது ஞாபகம் இருக்கலாம். அந்த வருஷம்தான் அமெரிக்காவில் காணாமல்போன குழந்தைகளுக்கான மையத்தோடு நம் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஒப்பந்தம் போட்டது. முகநூல் போன்ற கம்பெனிகள் அந்த மையத்துக்குச் சொல்ல, அங்கிருந்து டெல்லிக்கு வர, டெல்லியிலிருந்து மாநிலப் போலீசுக்கு வருகிறது. கடைசியில் அந்த இணைய முகவரி யாருடையது என்று சொல்ல வேண்டியது செல்போன் கம்பெனிதான். ஒரே முகவரியை ஒரே நேரத்தில் பல பேருக்குப் பிரித்துக் கொடுப்பதால், தேதியும் மணியும் சரியாக இருந்தால்தான் ஆளைப் பிடிக்க முடியும்.

அதனால்தான் சொல்கிறோம், அழிக்காதீர்கள். பார்க்கக் கூசும், புரிகிறது. மிரட்டியவனின் நம்பர், பெயர், தேதி, மணி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிள்ளையின் படத்தை மட்டும் 'ஆதாரம்' என்று யாருக்கும் அனுப்பாதீர்கள், எங்களுக்கும் வேண்டாம். போனை அப்படியே போலீசிடம் காட்டினால் போதும். சிம்மை உடைத்தால் அவன் தப்பித்தான், நம் நம்பர்தான் போச்சு.

இனி அந்த அக்காவின் கேள்வி. சிம் உங்கள் பேரில் இருப்பதால் நீங்கள் குற்றவாளி ஆகிவிட மாட்டீர்கள். போக்சோ சட்டம் 2012-ன்படி பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலேயோ, பிள்ளை விரும்பும் இடத்திலேயோ வாங்க வேண்டும். கூடுமானவரை பெண் எஸ்.ஐ.தான் வர வேண்டும், காக்கிச் சட்டை போடக்கூடாது. பிள்ளையின் பெயர் பத்திரிகையில் வரக்கூடாது. 1098-க்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். 'சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்' தளத்தில் இப்படிப்பட்ட படங்கள் பற்றிப் பெயர் சொல்லாமலும் புகார் பதியலாம். பணமும் பறிபோயிருந்தால் உடனே 1930.

அக்கா புகார் கொடுத்துவிட்டார். விசாரணை நடக்கிறது. மகள் பள்ளிக்கூடம் போகிறாள்.

அதே நம்பருக்கு மாற்று சிம் வாங்க அவரோடு நாங்களும் சிதம்பரத்தில் ஒரு கம்பெனிக் கடைக்குப் போனோம். "இந்த நம்பரைப் பிள்ளை வச்சிருக்கு தம்பி, ஏதாவது பூட்டு போட்டுத் தருவீங்களா?" என்று அக்கா கேட்டார். அந்தத் தம்பி சிரித்துவிட்டு, "அப்படில்லாம் ஒண்ணும் இல்லக்கா, 28 நாள் பேக் போடவா?" என்றார். பாவம், அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் கம்பெனியால் முடியாது என்று நாங்கள் நம்பத் தயாராக இல்லை. 2024 செப்டம்பரில் ஏர்டெல், சந்தேகமான அழைப்பு வந்தால் போனிலேயே எச்சரிக்கை காட்டும் ஏற்பாட்டை இலவசமாகக் கொண்டுவந்தது. வீட்டு வைஃபைக்கு மாதாமாதம் பணம் கட்டினால் பிள்ளைகளுக்கான பூட்டு என்றும் விற்றிருக்கிறார்கள். வைஃபை வீட்டுக்கு விற்க முடிந்ததை, ரீசார்ஜ் போடும் நமக்கு ஏன் சும்மா தரக்கூடாது?

ஆகவே ஒரு தீர்மானம் எழுதி அனுப்புங்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான். "இந்த நம்பரைப் பயன்படுத்துவது என் பிள்ளை" என்று தாய் பதிவு செய்ய ஒரு வழி வேண்டும். பதிவு செய்தால் பூட்டு தானாக விழ வேண்டும், அதைப் பற்றித் தமிழில் பேச ஆள் வேண்டும். ஊக்குநரும் பிரதிநிதியும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். கூட்டமைப்பு சேர்த்து வைத்து கம்பெனிகளுக்கும், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கும் அனுப்பும். அதுவரை 198-ல் கூப்பிட்டு இதையே புகாராகச் சொல்லுங்கள். புகார் எண் கேட்டு வாங்கி நோட்டில் குறித்து வையுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது மறக்காமல் போனை எடுத்து வாருங்கள். 'சஞ்சார் சாத்தி' தளத்தில் உங்கள் பேரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று அங்கேயே பார்த்துவிடலாம். நமக்குத் தெரியாமல் நம் பேரில் வாங்கிய சிம்மை வைத்து எவனும் அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் பேசலாம் அல்லவா? கிள்ளை பக்கத்துக் குழுவில் பார்த்தபோது, பட்டன் போன் மட்டுமே வைத்திருக்கிற ஒரு ஆயா பேரில் நாலு நம்பர் இருந்தது. "இது என் நம்பர் இல்லை" என்று மூன்றுக்கும் அங்கேயே பதிந்தோம்.