குடிநீரும் ஒளிச் சோதனையும்

தெளிந்த ஜலமே நல்ல ஜலம் என்று நம் ஜனங்கள் நெடுங்காலமாக நம்பி வந்திருக்கிறார்கள். கலங்கலில்லை, நாற்றமில்லை, உவர்ப்பில்லை என்றால் அதற்குமேல் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்பது சாமானிய வழக்கு. பெரும்பாலும் இந்நம்பிக்கை பலித்தே வருகிறது. அது பலிக்காத இடத்தில் என்ன நேரும் என்பதை, கங்கையும் பிரம்மபுத்திராவும் கடலோடு கலக்கும் வங்கப் பிரதேசம் உலகத்துக்குக் காட்டியிருக்கிறது. அவ்வரலாற்றைப் பொதுஜன ஊழியர் ஒவ்வொருவரும் அறிந்திருப்பது அவசியமென்று நாம் கருதுகிறோம்.

குளத்து நீரையும் ஆற்று நீரையும் பருகிக் காலராவாலும் வயிற்றுப்போக்காலும் குழந்தைகள் மாண்டு வந்த அந்நாட்டில், 1970-களில் சர்க்காரும் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதி ஸ்தாபனமும் கிராமந்தோறும் குழாய்க் கிணறுகளைப் பரப்பின. நோக்கம் பழுதற்றது. ஆனால் இமயத்திலிருந்து நதிகள் கொண்டுவந்து படிய வைத்த வண்டலில், இரும்புத் துகள்களோடு ஒட்டி, ஆர்ஸெனிக் என்னும் பாஷாணம் கிடந்தது. பிராணவாயு எட்டாத ஆழத்தில் அது இரும்பை விட்டுப் பிரிந்து ஜலத்தில் கரைந்தது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, நாவுக்குத் தெரியும் சுவையுமில்லை. பல்லாண்டுகள் பருகியவர்களின் தோலில் கரும்புள்ளிகள் தோன்றின. உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்தன. சிலருக்குப் புற்றுநோயும் கண்டது. 2000-ம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் சஞ்சிகையில் வெளியான கட்டுரை ஒன்று, வங்காள தேசத்தில் மாத்திரம் 3.5 கோடி முதல் 7.7 கோடி ஜனங்கள் வரை இவ்வபாயத்துக்கு உட்பட்டிருப்பதாகக் கணக்கிட்டது.

கண்ணுக்கும் நாவுக்கும் அகப்படாத இவ்விஷத்தைக் கண்டுபிடிக்க வழியே இல்லையா? உண்டு. ஒளியே அந்த வழி.

இந்த சாஸ்திரம் புதிதன்று. ஜெர்மனி தேசத்து ஹைடெல்பர்க் நகரில் புன்ஸென், கிர்க்காப் என்னும் இருவர், சூடேறிய ஒவ்வொரு மூலகமும் தனக்கே உரிய நிறக்கோடுகளை ஒளியில் காட்டும் என்று நிரூபித்தார்கள். ஒருவன் கையெழுத்து மற்றொருவனுக்கு வராதது போல, ஒரு மூலகத்தின் கோடுகள் மற்றொன்றுக்கு வருவதில்லை. 1860-ல் டூர்க்கைம் என்னும் ஊரின் ஊற்று ஜலத்தைச் சோதித்தபோது, அதுவரை எவரும் கண்டிராத இரண்டு நீலக் கோடுகள் தென்பட்டன. சுமார் 40 டன் ஜலத்தைச் சுண்டக் காய்ச்சிச் சில கிராம் உப்பே கிடைத்த அப்பொருள்தான் சீஸியம் என்னும் புது மூலகம். நிறமாலைச் சோதனையின் முதல் வெற்றியே குடிக்கும் ஜலத்திலிருந்து கிடைத்தது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

பின்னர் 1955-ல் ஆஸ்திரேலியாவில் ஆலன் வால்ஷ் என்பவர் இம்முறையை மறுபுறம் திருப்பினார். எந்த மூலகம் எந்த ஒளியை வெளியிடுகிறதோ, அதே ஒளியை அம்மூலகத்தின் அணுக்கள் விழுங்கவும் செய்யும். ஆகவே ஆர்ஸெனிக்கைத் தேட வேண்டுமானால் ஆர்ஸெனிக்கைக் கொண்டே செய்த விளக்கை ஏற்றுகிறார்கள். சோதிக்க வேண்டிய ஜலத்தோடு ரசாயனப் பொருள்களைச் சேர்த்து, அதிலுள்ள ஆர்ஸெனிக்கை வாயுவாக்கி, சூடான படிகக் குழாயில் செலுத்துகிறார்கள். குழாயின் ஊடே விளக்கொளி பாய்கிறது. அது 193.7 நானோமீட்டர் அலைநீளமுள்ளது. மனிதக் கண்ணுக்குப் புலனாகாது. எவ்வளவு ஒளி குறைந்ததோ, அதைக் கொண்டு எவ்வளவு விஷம் உண்டென்று கருவி கணக்கிட்டுச் சொல்லுகிறது. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்ஸெனிக் இருத்தலாகாது என்பது 1993-ல் உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த அளவு. அதாவது, ஒரு லட்சம் லிட்டர் ஜலத்தில் ஒரு கிராம். அந்த ஒரு கிராமையும் ஒளி காட்டிக் கொடுத்து விடும்.

நம் தேசத்துக்கும் ஒளி ஆராய்ச்சி அந்நியமன்று. திருச்சிராப்பள்ளியில் பிறந்த ஸர் ஸி. வி. ராமன், 1921-ல் கப்பற் பிரயாணத்தில் கடலின் நீலம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு ஆராயத் தொடங்கினார். அவ்வாராய்ச்சியே 1928 பிப்ரவரி 28-ந் தேதி கல்கத்தாவில் ராமன் விளைவாக முடிந்தது. சிதறும் ஒளியில் ஒவ்வொரு சேர்மமும் தன் முத்திரையைப் பதிக்கிறது என்பது அதன் சாரம். ஜலத்தின் சொந்த முத்திரை அதில் மங்கலாதலால், ஜலத்தில் கரைந்த அந்நியப் பொருள்களைத் தேட இம்முறை இன்று பல ஆராய்ச்சிச் சாலைகளில் கையாளப்படுகிறது.

அப்படியிருந்தும் நடந்தது என்ன? அதே கல்கத்தாவில், 1983-ல், உஷ்ணப் பிரதேச வைத்தியக் கல்லூரியின் தோல் வைத்திய நிபுணர் டாக்டர் கே. ஸி. ஸாஹா, தம்மிடம் வந்த கிராமத்தாரின் தோலைக் கண்டு இது பாஷாணத்தின் வேலை என்று தெளிந்தார். விஷத்தை முதலில் காட்டியது விளக்கு அன்று, ஏழைகளின் தோல். ஏன்? கருவி இல்லாமையா? அன்று, கேள்வி இல்லாமை.

இதற்கு மற்றொரு உதாரணமும் உண்டு. வங்காள தேசத்தின் நிலத்தடி ஜலத்தைப் பல மூலகங்களுக்காகச் சோதித்து பிரிட்டிஷ் பூகர்ப்ப ஆராய்ச்சி ஸ்தாபனத்தார் 1992-ல் அறிக்கை தயாரித்தார்கள். சோதித்தவற்றில் ஆர்ஸெனிக் இல்லை. பாதிக்கப்பட்டவர் ஒருவர் தொடுத்த வழக்கை 2006-ல் பிரபுக்கள் சபை தள்ளிவிட்டது. அந்த ஜலத்தைக் குடிக்கும் ஜனங்களுக்கு அறிக்கை எழுதியவர்கள் சட்டப்படி கடமைப்பட்டவர்கள் அல்லர் என்பது தீர்ப்பு. தீர்ப்பைப் பற்றி நாம் வாதாட வரவில்லை. ஆர்ஸெனிக் விளக்கை ஏற்றாதவனுக்கு ஆர்ஸெனிக் தெரியாது; இரும்புக்குரிய விளக்கு இரும்பை மாத்திரமே காட்டும். பல மூலகங்களை ஒருங்கே படிக்கும் நவீன கருவிகளிலும், எந்தக் கோட்டைப் படிப்பது என்று மனிதனே தீர்மானிக்கிறான்.

கேள்வி பிறந்த பிறகு நிலைமை மாறிற்று. ஜாதவ்பூர் சர்வகலாசாலையின் தீபங்கர் சக்ரவர்த்தி 1988 முதல் கிராமம் கிராமமாகச் சென்று கிணற்று ஜலத்தைச் சேகரித்து, இந்த ஒளிக் கருவியால் சோதித்து, முடிவுகளை அஞ்சாமல் வெளியிட்டு வந்தார். 2000 முதல் 2003 வரை வங்காள தேசத்தில் சுமார் 50 லட்சம் கிணறுகள் சோதிக்கப்பட்டன. விஷமுள்ள குழாய்க்குச் சிவப்பு, நல்ல குழாய்க்குப் பச்சை என்று வர்ணம் பூசப்பட்டது; சுமார் 14 லட்சம் குழாய்கள் சிவப்பாயின. அங்கே பயன்பட்டது, ரசாயனக் காகிதத்தின் நிறமாற்றத்தைக் கண்ணால் ஒப்பிடும் எளிய சோதனையே. ஆயினும், எழுத்தறியாத பெண்ணும் எந்தக் குழாயில் குடம் வைப்பது என்று தானே தீர்மானிக்க முடிந்தது. அறிவு ஆராய்ச்சிச் சாலையின் கதவைத் தாண்டிக் கிணற்றடிக்கு வந்தபோதுதான் அதற்குப் பயன் ஏற்பட்டது.

ஆதலின், ஜலம் சோதிக்கப்பட்டுவிட்டது என்று அதிகாரிகள் சொல்லும்போது நாம் மூன்று கேள்விகள் கேட்டாக வேண்டும். எந்தெந்தப் பொருள்களுக்காகச் சோதித்தீர்கள்? உங்கள் முறையால் எவ்வளவு சிறிய அளவைக் காண முடியும்? முடிவை எந்தத் தேதியில், ஜனங்கள் பார்க்கும் எந்த இடத்தில் ஒட்டினீர்கள்? லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே காண முடியாத முறை, 20 மைக்ரோகிராம் விஷமுள்ள ஜலத்தையும் குற்றமற்றது என்றே சொல்லும். ‘காணப்படவில்லை’ என்பது வேறு. ‘தேடப்படவில்லை’ என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகப் பாவித்ததன் பலனை வங்கத்தின் கிராமத்தார் தங்கள் தேகத்தில் அனுபவித்தார்கள்.

கிணறு வெட்டுவதும் குழாய் போடுவதும் புண்ணிய காரியங்களே. அவற்றின் ஜலத்தைச் சோதித்து முடிவைப் பகிரங்கப்படுத்துவது புண்ணியமன்று, கடமை. ஊராட்சியிலும் நகரசபையிலும் நம் சார்பாக அமர்ந்திருப்பவர்கள் இக்கடமையைத் தாமாக நினைவு கூருவார்கள் என்று காத்திருப்பதில் பயனில்லை. அடுத்த கூட்டத்திலேயே சோதனைப் பட்டியலைக் கேட்டு வாங்கி, அதில் எது இல்லை என்று முதலில் பாருங்கள்.